பழைய பாகப்பிரிவினை வழக்கின் தீர்ப்பை வைத்து உறவுமுறை கண்டுபிடிக்க முடியுமா?

செங்காங் வாசகர் கேட்டது:

வணக்கம். எங்கள் கொள்ளுத்தாத்தா சம்பந்தப்பட்ட ஒரு பாகப்பிரிவினை வழக்கின் தீர்ப்பு நகல் கிடைத்திருக்கிறது. அன்றைய ராமநாதபுரம் மாவட்டம், திருப்பத்தூர் தாலுகா நிலம். வழக்கு 1959. பிரதிவாதிகள் ஏழு பேர். கொள்ளுத்தாத்தா 5-ம் பிரதிவாதி. "சிங்கப்பூரில் வசிப்பவர், ஆஜராகவில்லை" என்று இருக்கிறது. வாதிக்கும் அவருக்கும் தலா 5/12 பங்கு. 3, 6-ம் பிரதிவாதிகள் பெண்கள், தலா 1/12. மற்ற நால்வருக்குப் பங்கு கிடையாது. யார் யாருக்கு என்ன உறவு என்று தீர்ப்பில் தெளிவாக இல்லை. இங்கிருந்தே எவ்வளவு தூரம் கண்டுபிடிக்கலாம்?

மூலப்பத்திரம்:

அந்தப் பின்னங்களே பாதிக் கதையைச் சொல்லிவிடுகின்றன. கணக்கைப் பாருங்கள்.

இந்து வாரிசுரிமைச் சட்டம் 17-6-1956-இல் நடைமுறைக்கு வந்தது. அன்றைய விதிப்படி, அதற்குப் பிறகு ஒரு தகப்பனார் உயில் எழுதாமல் இறந்தால், அவர் இறந்த நாளில் பூர்வீகச் சொத்தைப் பாகம் பிரித்ததாக முதலில் பாவிக்க வேண்டும். தகப்பனார், இரண்டு மகன்கள் என்றால் ஆளுக்கு 1/3. நம் பக்கத்து வழக்கப்படி இந்தக் கட்டத்தில் மனைவிக்குத் தனிப் பங்கு இல்லை. அடுத்து தகப்பனாரின் 1/3-ஐ வாரிசுகள் எல்லோரும் சமமாகப் பிரிக்க வேண்டும். நான்கு வாரிசு என்றால் ஆளுக்கு 1/12. மகன்களுக்கு 1/3-உம் 1/12-உம் சேர்ந்து 5/12. உங்கள் தீர்ப்பில் இருப்பது அச்சு அசலாக இதுதான்.

ஆக, வாதியும் உங்கள் கொள்ளுத்தாத்தாவும் அண்ணன் தம்பி. தகப்பனார் இறந்தது 1956 ஜூன் 17-க்கும் வழக்குத் தாக்கலுக்கும் இடையில்.

அந்த இரு பெண்கள் விஷயத்தில் அவசரப்படாதீர்கள். தாயும் மகளுமாக இருந்தாலும் 1/12தான், இரண்டு மகள்களாக இருந்தாலும் 1/12தான். இரண்டு விதவைகளாக மட்டும் இருக்க முடியாது. விதவைகள் எத்தனை பேரானாலும் அவர்களுக்குச் சேர்த்து ஒரே பங்கு. அப்போது அவர்களுக்கு 1/18-உம், மகன்களுக்கு 4/9-உம் வந்திருக்கும். முதல் பக்கத்தில் பெயருக்குப் பக்கத்தில் 'க/பெ' (கணவர் பெயர்) என்று இருப்பதைப் பாருங்கள். அது இறந்த தகப்பனார் பெயரோடு ஒத்துப்போனால் அவர் தாய். வேறு பெயர் என்றால் அநேகமாகக் கட்டிக்கொடுத்த மகள். மாப்பிள்ளை பெயரும் அதே வரியில் கிடைத்துவிடும்.

பங்கு இல்லாத நால்வரை உடனே குடும்ப மரத்தில் ஏற்றிவிடாதீர்கள். கிரயம் வாங்கியவர், ஒத்தி பிடித்தவர், குத்தகைக்காரர் எல்லோரையும் பிரதிவாதியாகச் சேர்ப்பது வழக்கம். வம்சாவளி எழுதுபவர்கள் அதிகம் தடுக்கி விழுவது இங்கேதான். ஏழு பேர் என்றால் ஏழு பங்காளி என்று எழுதிவிடுகிறார்கள்.

வழக்கு நடக்கும்போது ஒருவர் இறந்தால் அவருடைய வாரிசுகளை அடுத்தடுத்த எண்களில் சேர்ப்பார்கள். உங்களுடையதில் ஏழோடு நிற்கிறது. அப்பீல் போயிருந்தால் அங்கே எண்கள் கூடியிருக்கலாம். அப்படிச் சேர்க்கும் ஒரு வரியிலேயே ஒரு கிளையின் மனைவி மக்கள் முழுக்க வந்துவிடுவார்கள்.

ஈசூன் அண்ணாமலை:

மேலே சொன்னது சரி. அடுத்து தீர்ப்பின் கடைசிப் பக்கத்துக்குப் போங்கள். வாதி தரப்புச் சான்றாவணங்கள், பிரதிவாதி தரப்புச் சான்றாவணங்கள் என்று தேதியோடு ஒரு பட்டியல் இருக்கும். எனக்குத் தீர்ப்பைவிட இந்தப் பட்டியல்தான் முக்கியம். பழைய பாகப்பத்திரம், விடுதலைப் பத்திரம், சுவீகாரப் பத்திரம் இருந்தால் பத்திர எண்ணையும் ஆண்டையும் குறித்துக்கொண்டு சார்பதிவாளர் அலுவலகத்தில் நகல் கேட்கலாம். அந்த அலுவலகத்தின் 1-ம் புத்தகத்தில் பதிவான நிலப் பத்திரங்களின் நகலை யார் வேண்டுமானாலும் கட்டணம் கட்டிப் பெறலாம். உயில்கள் 3-ம் புத்தகத்தில் இருக்கும். எழுதியவர் இறந்த பிறகுதான் மற்றவர்களுக்கு நகல். கூர்சீட்டு, அதாவது பாகம் பிரித்த விவரத்தைக் குடும்பத்துக்குள் எழுதிவைத்த சீட்டு, பதிவாகாதது, அது அலுவலகத்தில் கிடைக்காது. கோர்ட்டின் வழக்குக் கோப்பிலோ வீட்டுப் பெட்டியிலோதான் தேட வேண்டும்.

பத்திர எண் தெரியாவிட்டால் பெயர் அட்டவணையில் தேடச் சொல்லுங்கள். சர்வே எண்ணை மட்டும் நம்பினால் வழுக்கும். நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்த யுடிஆர் திட்டத்தின் சமயத்தில் பல கிராமங்களில் எண்கள் மாறிவிட்டன. கிராமத்து நிலப் பதிவேடான 'அ' பதிவேட்டில் பழைய எண்ணுக்கு ஒரு பத்தி உண்டு, அதை வைத்து ஒப்பிட வேண்டும். ராமநாதபுரம் மாவட்டமும் 1985-இல் பிரிந்தது. உங்கள் தாலுகா இப்போது சிவகங்கை மாவட்டம். விண்ணப்பத்தில் பழைய பெயரையும் புதிய பெயரையும் சேர்த்தே எழுதுங்கள்.

பத்திரம் கைக்கு வந்ததும் செக்குபந்தியை, அதாவது நிலத்தின் நான்கு எல்லை விவரத்தைப் படியுங்கள். அண்ணன் தம்பி பிரித்துக்கொண்ட நிலம் அடுத்தடுத்துத்தான் கிடக்கும். "கிழக்கே இன்னார் பாகத்து நிலம்" என்ற ஒரே வரியில் வேறெங்கும் பதிவாகாத ஒரு பங்காளி எழுந்து வருவார். "மைனர், வயது 7, கார்டியன் தாயார்" என்று இருந்தால் பிறந்த ஆண்டு ஏறக்குறையக் கிடைத்தது, தகப்பனார் அப்போது இல்லை என்பதும் அநேகமாகத் தெரிந்தது.

நூலக மேசை:

சிங்கப்பூர் பக்கம் யாரும் தொடவில்லை, சேர்க்கிறேன்.

தேசிய நூலக வாரியத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளத்தில் பழைய ஆங்கில நாளிதழ்களின் சட்ட அறிவிப்புகளைத் தேடலாம். "இன்னாரின் எஸ்டேட் (விட்டுச்சென்ற சொத்து), கடன் கொடுத்தவர்கள் உரிமை கோரவும்" என்ற அறிவிப்பில் இறந்த தேதி, கடைசி முகவரி, நிர்வாகியின் பெயர் இருக்கும். தமிழ் முரசு 1935-இல் தொடங்கியது. அதன் மரண அறிவிப்புகளில் மக்கள், மருமக்கள், பேரப்பிள்ளைகள் வரிசையாக வருவார்கள். சில இதழ்களை வீட்டிலிருந்து பார்க்க முடியாது, விக்டோரியா ஸ்திரீட் நூலகக் கட்டடத்துக்கே போக வேண்டும்.

பெயர் எழுத்துதான் பெரிய தலைவலி. கந்தசாமி 'கே'-யிலும் வரும் 'சி'-யிலும் வரும். முத்து இரண்டு இரட்டை 'ஓ'-வோடு வரும். பிள்ளை 'ஐ'-யிலும் முடியும் 'ஒய்'-யிலும் முடியும். ஐந்தாறு விதமாகத் தேடாமல் "இல்லை" என்று முடிவு கட்டாதீர்கள்.

இன்னொன்று, கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். இங்கே ஒருவருக்கு ஒரே மனைவி என்று விதித்த மாதர் சாசனம் 1961 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் ஊரில் ஒரு குடும்பம், இங்கே ஒரு குடும்பம் என்று இருந்தவர்கள் உண்டு. உங்கள் கொள்ளுத்தாத்தா ஆஜராகாததால் அவர் தரப்பை யாரும் கோர்ட்டில் சொல்லியிருக்க மாட்டார்கள். அவருடைய பிள்ளைகள் பற்றிய விவரத்துக்கு ஊர்த் தீர்ப்பை நம்பாமல், அவர் இறந்தபோது இங்கே அவர் சொத்தை நிர்வகிக்கும் உரிமை கேட்டு மனுப் போட்டார்களா என்று உச்ச நீதிமன்றத்தில் தேடிப் பாருங்கள். உயில் இல்லாத மனுவில் வாரிசுகளை வரிசையாகச் சொல்லியே ஆக வேண்டும்.

செங்காங் வாசகர்:

மிக்க நன்றி ஐயா, எல்லோருக்கும். முதல் பக்கத்தைப் பார்த்தேன். 3-ம் பிரதிவாதிக்கு க/பெ பொருந்துகிறது, 6-ம் பிரதிவாதிக்கு வேறு பெயர். அப்படியானால் தாயும் மகளும். ஆனால் தீர்ப்பில் "வாதி சுவீகார புத்திரன் அல்ல என்ற வாதம்" என்று ஒரு பத்தி வருகிறதே?

மூலப்பத்திரம்:

அது பிரதிவாதிகளில் யாரோ கிளப்பிய ஆட்சேபணை. பங்கு கொடுத்திருப்பதால் கோர்ட் வாதியை மகன் என்று ஏற்றுக்கொண்டது. பெற்ற மகனா, சுவீகார மகனா என்பதற்கு அந்த எழுவினாவின் (கோர்ட் முடிவு செய்ய எடுத்த கேள்வியின்) முடிவைப் படியுங்கள். சுவீகாரம் என்றால் அவரைப் பெற்ற குடும்பத்தையும் தேட வேண்டும்.

வாதியின் பிராதிலும் பிரதிவாதியின் எதிருரையிலும் இருக்கும் வம்சாவளியை அப்படியே எடுக்காதீர்கள், அது ஒரு தரப்பின் பேச்சு. சண்டை தொடங்குவதற்கு முன் எழுதிய பத்திரத்தில் "என் மகன்" என்று இருந்தால் அதற்குத்தான் எடை. அதனால் 1959-க்கு முந்தைய சான்றாவணங்களின் நகலை முதலில் கேளுங்கள்.