மறு: லெஃபெவ்ரின் மூன்றாவது நேரத்துக்கு என்ன பெயர்?

> 'கட்டாய நேரம்' என்றே வைத்துக்கொள்ளலாமா?

வேண்டாம் ஐயா. நாம் மொழிபெயர்க்கும் பிரெஞ்சு மெய்யியலாளர் ஆன்றி லெஃபெவ்ர் 1968இல் அன்றாட வாழ்க்கையின் நேரத்தை மூன்றாகப் பிரிக்கிறார்: தொழிலுக்குக் கடமைப்பட்ட நேரம், ஓய்வுக்கான நேரம், இரண்டிலும் சேராமல் பயணத்திலும் அலுவலக நடைமுறைகளிலும் கரைகிற நேரம். வேலைக்குப் போவதும் கட்டாயம்தானே? 'கட்டாய நேரம்' என்றால் வாசகருக்கு முதலாவதுதான் தோன்றும். பக்கத்துக்குப் பக்கம் அடிக்குறிப்பு போட வேண்டிவரும்.

8 மணிநேர வேலைக்குப் போகவர 2 மணிநேரம். படிவத்தில் ஒரு கையொப்பம் விட்டுப்போனதால் மறுநாளும் வரிசையில் 40 நிமிடம். இதற்குக் கூலியும் இல்லை, இது ஓய்வும் இல்லை. ஓய்வைவிட இந்த நேரம்தான் வேகமாகக் கூடுகிறது என்பதே லெஃபெவ்ரின் வாதம். சொல்லில் அந்த அழுத்தம் தெரிய வேண்டும். முன்பு யோசித்த 'இடைநேரம்' அதனால்தான் சப்பென்று இருக்கிறது.

இன்னொரு யோசனையான 'பிணைநேரம்' நல்ல சொல், ஆனால் இடம் மாறி நிற்கிறது. பிரெஞ்சில் முதலாவதற்குரிய 'ஒப்லிழே'யின் லத்தீன் வேருக்குத்தான் கட்டுதல் என்று பொருள். மூன்றாவதான 'கோந்த்ரேன்' இறுக்குதல், நெருக்குதல் என்ற வேரிலிருந்து வருகிறது. ஆகவே என் பரிந்துரை 'நெருக்குநேரம்'. வினைத்தொகை, நெருக்கிய, நெருக்குகிற, நெருக்கும் எல்லாம் உள்ளே இருக்கின்றன. 'நெருக்குநேரத்தின் பெருக்கம்' என்று வேற்றுமை ஏற்றினாலும் நாக்கு இடறவில்லை.

——

> என் பரிந்துரை 'நெருக்குநேரம்'

சொல் பிடித்திருக்கிறது. ஆனால் காதில் 'நெருக்கடி நேரம்' என்றல்லவா விழுகிறது? ஆளே இல்லாத அலுவலகத்தில் ஒரு முத்திரைக்காகத் தனியே உட்கார்ந்திருப்பதும் இந்த வகைதான். அங்கே நெரிசல் ஏது?

அதைவிடப் பெரிய சிக்கல் வரையறையில். 'கூலியும் ஓய்வும் இல்லாத நேரம்' என்று கலைச்சொல் பட்டியலில் எழுதினால் சமையல், துவைத்தல், குழந்தையைப் பார்த்துக்கொள்ளுதல் எல்லாம் உள்ளே விழுந்துவிடும். அன்றாடத்தின் சுமை பெண்கள்மீதே அதிகம் என்று லெஃபெவ்ரே சொல்கிறார். ஆனால் அவருடைய மூன்று பெட்டிகளில் வீட்டுவேலைக்குச் சரியான இடம் இல்லை. அது அவர் கோட்பாட்டின் ஓட்டை. மொழிபெயர்ப்பாளர் அதை ஓசையில்லாமல் அடைத்துவிடக் கூடாது. வீட்டுவேலைக்குப் 'பராமரிப்பு உழைப்பு' தனியே இருக்கட்டும்.

'நெருக்குநேரம்' சரி. பதிவை இப்படி எழுதலாம்: 'தொழிலுக்கு வெளியே, பயணம், அலுவலக நடைமுறை முதலியவற்றுக்குச் செலவிட நேர்கிற நேரம்.' ஓய்வுக்கான நேரத்தை 'ஓய்வுநேரம்' என்று விட்டுவிடலாமா, 'தன்நேரம்' என்பதா? ஓய்வென்றால் களைப்பாறுதல் மட்டும்தான் என்று ஆகிவிடுகிறதே.