நிக்கோனோஸ் 5: மலை மழையில் லென்ஸின் உட்புறம் ஆவி படிகிறது

1984இல் வெளிவந்த, நீர் புகாத நிக்கோனோஸ் 5 ஃபிலிம் கேமராவை, நீரிலும் தரையிலும் பயன்படும் அதன் 35 மி.மீ. லென்ஸுடன், வால்பாறை மழையில் படமெடுப்பதற்கென்றே வைத்திருக்கிறேன். மூன்று வாரங்களாக, காலையில் வெளியே வந்த பத்து நிமிடங்களுக்குள் லென்ஸின் உட்புறத்தில் ஆவி படிந்துவிடுகிறது. கடைசிச் சுருளில் பதினோரு படங்கள் பால் கலந்தாற்போல் வெளிறிவிட்டன.

நீர் புகாமல் அடைக்கும் ரப்பர் வளையங்களான ஓ-ரிங்குகளைத் துடைத்துச் சிலிக்கோன் கிரீஸ் தடவினேன். வாளித் தண்ணீரில் அமிழ்த்திப் பார்த்தபோது ஒரு குமிழிகூட எழவில்லை, ஆகவே கசிவு இல்லை. இரவு முழுதும் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் டப்பாவில் வைத்தாலும், ஃபிலிம் ஏற்றப் பின்மூடியைத் திறந்ததும் வீட்டின் ஈரக்காற்று உள்ளே புகுந்து அடைபட்டு, வெளிக்குளிரில் லென்ஸின்மேல் படிகிறது என்றே கருதுகிறேன். நீரைத் தடுக்கும் அடைப்பு ஈரத்தையும் வெளியே விடுவதில்லை.

இத்தகைய ஈரமான ஊரில் ஃபிலிம் ஏற்றும்போது, ஈரக்காற்று உள்ளே அடைபடாமல் இருக்க நீங்கள் கையாளும் முறை என்ன?