விலையைப் பதிவிலேயே போடணுமா, 'இன்பாக்ஸ் வாங்க'ன்னு சொல்லணுமா?

கல்லாப்பெட்டி:
இட்லிப் பொடி, ஊறுகாய், செக்கு எண்ணெய் விற்கிற பதிவுகள் நிறைய 'விலைக்கு இன்பாக்ஸ் வரவும்'னு முடியுது. இது வியாபாரத்தைக் கெடுக்குதுன்னு நான் உறுதியா சொல்றேன். பொட்டலம் கட்டி விற்கிற பொருளுக்கு எடை, அதிகபட்ச சில்லறை விலை ரெண்டும் பாக்கெட் மேலேயே இருக்கணும்னு 2011-ஆம் ஆண்டு பொட்டலப் பொருள் விதிகள் சொல்லுது. பாக்கெட்டில் அச்சடிச்ச விலையைப் பதிவில் மறைச்சு என்ன ஆகப்போகுது? ராத்திரி பதினோரு மணிக்குப் பார்க்கிறவங்க 'விலை என்ன'ன்னு கேட்டுட்டுத் தூங்கிடுவாங்க. காலையில் நாம பதில் போடும்போது பொடி ஞாபகமே இருக்காது.

ஆரி ஊசி:
பொடிக்கு நீங்க சொல்றது சரி சார். ரவிக்கையில் ஊசியால் போடற ஆரி பூவேலைக்கு எப்படிப் பொருந்தும்? ஒரே கழுத்து டிசைனை நூலில் போட்டா ஒரு விலை, ஜர்தோசின்னு சொல்ற உலோக ஜரி வேலையும் கல்லும் சேர்ந்தா வேற விலை. கை முழங்கை வரைக்கும் வந்தா நாளும் கூடும். '800 ரூபாய் முதல்'னு போட்டா, மணப்பெண் ரவிக்கை படத்தை அனுப்பி அதே 800-க்குக் கேட்பாங்க. 3,500னு சொன்னதும் 'ஏமாத்துறாங்க'ன்னு கமெண்ட் விழும். இன்பாக்ஸில் வந்தா துணி, தேதி, டிசைன் மூணையும் கேட்டுட்டு நிதானமா சொல்லலாம்.

கல்லாப்பெட்டி:
அங்கே கெடுக்கிறது 'முதல்' என்கிற சொல்தான் மேடம். படத்தில் இருக்கிற அந்த ரவிக்கையோட விலையை மட்டும் போடுங்க. இப்படி:

'படத்தில் உள்ளது: பின்கழுத்து, இரண்டு கை ஓரம். ஜரியும் கல்லும். 3 நாள் வேலை. ₹3,500. துணி, லைனிங், தையல்கூலி தனி.'

சாதாரணம், நடுத்தரம், கனமானதுன்னு மூணு படம், மூணு விலை. பார்க்கிறவங்களே தன் கைப்பணம் எதுக்குப் பக்கத்தில் நிக்குதுன்னு கணக்குப் போட்டுக்குவாங்க. 'துணி தனி' என்கிற வரியை மட்டும் விட்டுடாதீங்க. கடைசியில் வர்ற சண்டை பெரும்பாலும் அதில்தான் ஆரம்பிக்கும்.

மசாலா மூலை:
நான் பொடிக்கே ஒத்துக்க மாட்டேன். மிளகாய் வத்தல், உளுந்து, நல்லெண்ணெய் மூணும் ஒரே விலையில் நிக்கிறதில்லை. விலை போட்ட படம் ஃபார்வர்ட் ஆகி ஆறு மாசம் கழிச்சுத் திரும்பி வரும், 'இதில் 140னு இருக்கே'ன்னு. வெளியூர்னா கூரியர் வேற. அரை கிலோ பொடியை டப்பாவில் போட்டு அட்டைப்பெட்டியில் வெச்சா 500 கிராமைத் தாண்டி, அடுத்த எடைக்கான கூடுதல் கட்டணத்துக்குப் போயிடும். பதிவில் ஒண்ணு, பில்லில் ஒண்ணுன்னு ஆனா நம்பிக்கையே போயிடும்.

இன்னொரு விஷயத்தையும் பாருங்க. ஒரே செய்தியை நிறைய பேருக்குத் தனித்தனியா அனுப்பற வாட்ஸ்அப் ப்ராட்காஸ்ட், நம்ம நம்பரை சேவ் பண்ணினவங்களுக்குத்தான் போகும், ஒரு லிஸ்டில் 256 பேர் வரைக்கும். விலை கேட்டு வர்றவங்களை அங்கேயே 'நம்பரை சேவ் பண்ணிக்கோங்க'ன்னு சொல்லிச் சேர்த்துக்கலாம். விலையைப் பதிவிலேயே போட்டுட்டா அந்த வாய்ப்பு போச்சு.

கல்லாப்பெட்டி:
பழைய படம் திரும்பி வரும்கிறது நிஜமான தொல்லைதான். அதனால் விலையைப் படத்தில் எழுதாம, கீழே எழுத்தில் போடுங்க. அங்கேன்னா எப்ப வேணும்னாலும் மாத்தலாம். படத்தில்தான் வேணும்னா தேதியை அதே வரியில் ஒட்டிடுங்க: '250 கிராம் ₹160, செப்டம்பர் 30 வரை'. தேதியைத் தனியா மூலையில் வெச்சா வெட்டிட்டு அனுப்பிடுவாங்க.

கூரியருக்கு டப்பாவை விட்டுட்டு, 200 கிராம் ஜிப் பவுச் ரெண்டா அனுப்புங்க. உறையோட சேர்த்து 500-க்குள் அடங்குதான்னு தராசில் ஒரு தடவை வெச்சுப் பார்த்துட்டு, 'தமிழ்நாட்டுக்குள் கூரியர் சேர்த்து'ன்னு ஒரே விலையாப் போடலாம். நம்பரை சேவ் பண்ண வைக்கிற இடம் பார்சல். உள்ளே ஒரு துண்டுச்சீட்டு: 'அடுத்த முறை ஆர்டருக்கு இந்த நம்பரை இட்லிப் பொடின்னு சேமிச்சுக்கோங்க.' விலை மட்டும் கேட்டவங்களைவிட வாங்கிச் சாப்பிட்டவங்க சேவ் பண்ணினா அந்த 256 இடமும் உருப்படியா நிரம்பும்.

வரிக்கு வரி:
எழுத்து, மொழிபெயர்ப்பு வேலைக்கு வர்றவங்களுக்காக ஒரு எதிர்ப்பைப் பதிவு பண்றேன். 'வார்த்தைக்கு இவ்வளவு'ன்னு வெறும் எண்ணைப் போடறது, போடாம இருக்கிறதைவிட மோசம். எந்த மொழி வார்த்தை? ஆங்கிலத்தில் மூணு சொல்லா இருக்கிறது தமிழில் 'வந்துகொண்டிருக்கிறேன்'னு ஒரே சொல்லா முடியும். அதையே 'வந்து கொண்டு இருக்கிறேன்'னு பிரிச்சு எழுதினா மூணு. வேலை ஒண்ணுதான், கூலி மட்டும் மூணு மடங்கு மாறுது. சேர்த்து எழுதறவங்களுக்கு நஷ்டம், பிரிச்சு எழுதறவங்க மேல சந்தேகம்.

அதனால் விலை போடறதா இருந்தா 'மூல ஆங்கிலச் சொல் எண்ணிக்கைப்படி, ஒரு முறை திருத்தம் சேர்த்து, பாதி முன்பணம்'னு முழுசாப் போடணும். இணையக் கடைக்குப் பொருள் விவரம் எழுதறதா இருந்தா சொல் கணக்கே வேண்டாம், ஒரு பொருளுக்கு இவ்வளவுன்னு சொல்லிடலாம். ஒரு நிறுவனத்துக்கு முழு விளம்பரப் பிரசுரம் எழுதணும்னா, யார் படிக்கப் போறாங்க, தகவல் யார் தருவாங்கன்னு தெரியாம விலை சொல்லவே கூடாது. அங்கே இன்பாக்ஸ்தான் சரி.

கல்லாப்பெட்டி:
அளவு சொல்லாத விலை வேண்டாம்கிறதை முழுசா ஒத்துக்கறேன். 'ஒரு முறை திருத்தம்'னா என்னன்னும் ஒரு வரி சேர்த்துடுங்க. சொல்லை மாத்தறது திருத்தம், தலைப்பையே மாத்தினா அது புது வேலை.

மசாலா மூலை:
பவுச் யோசனையை எடுத்துக்கறேன். ஆனா கமெண்டில் 'விலை?'ன்னு நாலு பேர் கேட்டா பதிவு இன்னும் நாலு பேர் கண்ணில் படும். அதை ஏன் விடணும்?

கல்லாப்பெட்டி:
கேட்ட கமெண்டுக்கு 'இன்பாக்ஸ் பாருங்க'ன்னு பதில் போட்டா, அடுத்து வர்றவங்களும் அதே கேள்வியோடத்தான் நிப்பாங்க. விலையை அந்தக் கமெண்டுக்குக் கீழேயே சொல்லுங்க. அதுக்கு மேல கமெண்ட் வேணும்னா 'காரம் அதிகமா, கம்மியா?'ன்னு பதிவில் கேளுங்க. அதுக்கு வர்ற பதில் அடுத்த அரைப்புக்கும் உதவும். வாட்ஸ்அப் பிசினஸில் விரைவுப் பதிலா '/விலை'ன்னு ஒண்ணு சேமிச்சு வெச்சா முழுப் பட்டியலும் ஒரே தட்டில் போகும்.

ஆரி ஊசி:
மூணு படம், மூணு விலை சரி. மணப்பெண் ரவிக்கைக்கு மட்டும் என் பேச்சை மாத்த மாட்டேன். புடவைப் படம், கை அளவு, முகூர்த்தத் தேதி மூணும் கைக்கு வந்த பிறகுதான் விலை. என்னென்ன அனுப்பணும்கிறதைப் பதிவிலேயே எழுதிட்டா, இன்பாக்ஸில் நாலு நடை நடக்க வேண்டியதில்லை.