நீரை மறிப்பதா, விடுவதா? வெள்ளக்காப்பு வீட்டுக்குச் சொல் தேடல்

வேளச்சேரியிலிருந்து

வணக்கம் நண்பர்களே,

தாழ்வான இடத்தில் வீடு கட்டுவோருக்கான கைநூல் வரைவில் இரண்டு சொற்கள் தகராறு செய்கின்றன: டிரை ஃப்ளட்புரூஃபிங், வெட் ஃப்ளட்புரூஃபிங். முதல் வகையில் சுவர், கதவு, குழாய் எல்லாவற்றையும் அடைத்து வெள்ளத்தை வெளியே நிறுத்துகிறோம். இரண்டாம் வகையில் கீழ்த்தளத்துக்குள் தண்ணீரை நாமே வரவிடுகிறோம்; வந்தது கெடுதல் செய்யாமல் திரும்பிப் போகும்படி சுவரையும் மின்கம்பியையும் பொருள்களையும் அமைக்கிறோம்.

வரைவில் 'உலர் வெள்ளக்காப்பு', 'ஈர வெள்ளக்காப்பு' என்று இருக்கிறது. 'ஈர வெள்ளக்காப்பு' என்றதும் படிப்பவர் மனத்தில் வருவது ஓதம் ஏறாமல் இருக்க அடிக்கும் வாட்டர்புரூஃபிங் பூச்சு. சொல்ல வந்ததற்கு நேர் எதிர். தண்ணீர் வர வேண்டிய ஓட்டையை ஒருவர் போய் அடைத்துவிட்டால் பழி சொல்லின் மேல்தான்.

'நீர்மறிப்பு', 'நீரேற்பு' என்று மாற்றலாமா? கூடவே ஃப்ளட் வென்ட் (வெள்ளம் வந்துபோகச் சுவரில் விடும் திறப்பு), பிளிந்த் (வீட்டுத் தரையை வெளித்தரைக்கு மேல் உயர்த்தும் அடிப்பகுதி), ஃப்ரீபோர்டு (வெள்ளமட்டத்துக்கு மேல் விடும் கூடுதல் உயரம்) மூன்றுக்கும் உங்கள் கருத்து வேண்டும்.

---

குன்றத்தூரிலிருந்து

> 'நீர்மறிப்பு', 'நீரேற்பு' என்று மாற்றலாமா?

இரண்டு வகையும் எங்கே பிரிகின்றன என்பதை முதலில் எண்ணில் வைத்துவிடுவோம். சொல் அதற்குப் பொருந்தட்டும்.

தேங்கிய தண்ணீர் சுவரின் ஒரு மீட்டர் நீளத்தைத் தள்ளும் விசை, 60 செ.மீ. ஆழத்தில் 180 கிலோ. 120 செ.மீ. ஆழத்தில் 720 கிலோ. ஆழம் இரண்டு மடங்கு ஆனால் தள்ளல் நான்கு மடங்கு. ஓடும் வெள்ளமானால் இன்னும் கூடும். ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் மேலிருந்து இறங்கும் பாரத்துக்காகக் கட்டப்படுவது. பக்கத்திலிருந்து தள்ளினால் சோனி. அமெரிக்க வழிகாட்டிகள் கல்கட்டுச் சுவர்களில் மறிப்பு முறையை ஏறத்தாழ 3 அடியோடு நிறுத்தச் சொல்வது இதனால்தான். 1:6 சிமெண்ட்-மணல் கலவையில் எழுப்பிய நம்மூர் சுவருக்கு 2 அடிக்கு மேல் நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

தரையை யாரும் நினைப்பதே இல்லை. வெளியே தண்ணீர் வீட்டுத் தரைக்கு மேல் 60 செ.மீ. நிற்கிறது, உள்ளே காய்ந்து கிடக்கிறது என்று வையுங்கள். தரைக்கு அடியில் நிரப்பிய மணலுக்குள் புகுந்த நீர், கான்கிரீட்டைச் சதுர மீட்டருக்கு 600 கிலோவுக்கும் மேலாக எம்பித் தள்ளும். 10 செ.மீ. கான்கிரீட்டின் எடை 240 கிலோ. டைல்ஸையும் அதன் கலவையையும் சேர்த்தாலும் 350 பக்கம்தான். டைல்ஸ் இடுக்கில் ஊற்றுக் கிளம்புவதும், நடுக்கூடத்தில் தரை விம்மி வெடிப்பதும் இந்தக் கணக்கால். வாசலில் மணல் மூட்டை அடுக்கியவர் 'கதவு வழியே வரவில்லையே, எங்கிருந்து வந்தது?' என்று தேடும் தண்ணீரும் இதுதான்.

இரண்டாம் முறையில் உள்ளே ஒரு மட்டம், வெளியே ஒரு மட்டம் என்ற பேச்சே கூடாது. இரண்டும் சமமாக ஏறினால் ஒரு பக்கத் தள்ளலை மறுபக்கம் தின்றுவிடும். சமமாக இறங்கவும் வேண்டும். வெளியே வடிந்து உள்ளே 120 செ.மீ. நின்றுவிட்டால் அதே 720 கிலோ, இம்முறை சுவரை வெளிப்பக்கம் சாய்க்கும். 'ஏற்பு' என்ற சொல்லில் வருவது தெரிகிறது, போவது தெரியவில்லை.

---

மயிலாப்பூரிலிருந்து

'மறிப்பு' பிழையில்லை. வழிமறித்தல், மறியல் எல்லாம் ஊருக்குத் தெரிந்தவை. 'நீரேற்பு' வேண்டாம். ஒன்று, 'நீரேற்று நிலையம்' பலகையில் ஏற்கெனவே இருக்கிறது. ஓரெழுத்து மாறினால் பம்பிங் ஸ்டேஷன் ஆகிவிடும். இரண்டு, செங்கல் தண்ணீர் குடிக்கும் குணத்தையும் 'நீரேற்பு' என்று ஒருவர் எழுதுவார்; இதே கைநூலில் அதுவும் வரும்.

'தடுகட்டு', 'விடுகட்டு' என்று யோசித்தேன். ஓசை அழகாக இருக்கிறது, ஆனால் முதல் கட்டு, இரண்டாம் கட்டு என்று வீட்டைப் பிரித்துச் சொன்ன ஊர் இது. 'விடுகட்டு' என்றால் கொல்லைப்பக்கம் விட்டுவைத்த கட்டு என்று எண்ணுவார்கள்.

ஆகவே நீர்மறி, நீர்விடு. குன்றத்தூர் ஐயா கேட்டது 'விடு'வில் அப்படியே கிடைக்கிறது: உள்ளேயும் விடும், வெளியேயும் விடும். வினைத்தொகை என்பதால் நடுவில் ஒற்று மிகாது. 'நீர்மறி சுவர்', 'நீர்விடு தளம்' என்றே எழுத வேண்டும். அச்சுப் பார்ப்பவர் கை துறுதுறுத்து ஒரு 'ச்' சேர்த்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஃப்ளட் வென்ட்டுக்குத் துளை, துவாரம், தூம்பு மூன்றையும் ஒதுக்குகிறேன். துளை என்றால் ஆணி அடித்த அளவுதான் தோன்றும். தூம்பு ஒருவழிப் போக்கு. மதகு என்றால் இழுத்து மூடும் ஷட்டர் உண்டு. இதற்கு மூடியே கூடாது. செம்பரம்பாக்கம் திறக்கும்போதெல்லாம் '19 கண் மதகு', '5 கண் மதகு' என்று செய்தியில் கேட்கிறோம். பாலத்துக்கும் கண்தான். நீர் போகவென்று கட்டடத்தில் விட்ட திறப்புக்குத் தமிழில் பெயர் ஏற்கெனவே இருக்கிறது. வெள்ளக்கண் என்று எடுத்துக்கொள்ளலாம்.

---

முடிச்சூரிலிருந்து

கண் என்றால் மேஸ்திரிக்கு உடனே புரியும் அம்மா. "இந்தச் சுவரில் நாலு கண் விடு" என்றால் வேலை முடிந்தது. ஆனால் கைநூலில் பெயர் மட்டும் போட்டால் போதாது, அளவும் வேண்டும்.

புழங்கும் விதி இது: சுற்றி அடைத்த இடம் ஒரு சதுர அடிக்கு ஒரு சதுர அங்குலத் திறப்பு. மெட்ரிக்கில் சதுர மீட்டருக்கு சுமார் 70 ச.செ.மீ. ஸ்டில்ட்டில், அதாவது வீட்டைத் தூண் மேல் தூக்கிக் கீழே விட்ட தளத்தில், 300 சதுர அடிக்கு ஒரு அறை அடைத்திருந்தால் 300 சதுர அங்குலம். செங்கல்லை நீளவாக்கில் ஒன்று விட்டால் 9க்கு 3, அதாவது 27 சதுர அங்குலம் திறக்கும். 12 கல் விட்டால் கணக்குச் சரி. எல்லாவற்றையும் ஒரே சுவரில் விடக்கூடாது, குறைந்தது இரண்டு பக்கச் சுவர்களில் பிரிக்க வேண்டும். கண்ணின் அடிவிளிம்பு வெளித்தரையிலிருந்து ஒரு அடிக்குள் இருக்க வேண்டும். அழகுக்காக ஜன்னல் மட்டத்தில் விட்ட கண், சுவர் விழுந்த பிறகுதான் பார்க்கும்.

கெடுவது எப்போதும் இரண்டு வழியில். எலி வருகிறது என்று குடிவந்தவர் சிமெண்ட் வைத்து அடைப்பார். இல்லையென்றால் கொசுவலை அடிப்பார். பிளாஸ்டிக் கவரும் இலையும் ஒட்டிக்கொண்டதும் வலை சுவராகிவிடும். அரை அங்குல வெல்ட் மெஷ் போடுங்கள், கம்பி மறைக்கிற அளவுக்குக் கண்ணைக் கூட்டுங்கள், ஐப்பசி பிறப்பதற்குள் ஒருமுறை துடைப்பத்தால் தட்டிவிடுங்கள்.

காம்பவுண்டு சுவரை மறக்கக்கூடாது. நாலரை அங்குலச் சுவர், பத்தடிக்கு ஒரு தூண். தெருத் தண்ணீர் ஒரு பக்கம் ஏறினால் முதலில் படுப்பது அதுதான். அதற்கும் அடிவரிசையில் கண் வேண்டும்.

நீர்விடு தளத்துக்குள் என்ன இருக்கலாம் என்பது தனிக்கதை. சுவர்ப்பட்டி, பிஓபி (பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்), ஜிப்சம் பூச்சு எதுவும் கூடாது, ஊறி உரிந்துவிடும். வெறும் சிமெண்ட் பூச்சோ சுண்ணாம்புப் பூச்சோ போதும். ஹாலோ பிளாக் சுவரானால் அதன் வயிற்றுக்குள் தண்ணீர் நின்றுவிடும். அடிவரிசையில் ஒவ்வொரு பிளாக்கிலும் வடிதுளை போட்டால்தான் காயும். ஃப்ளஷ் டோர் ஏடு ஏடாகப் பிரியும். ஸ்விட்ச் போர்டு நாலரை அடிக்குக் கீழே வேண்டாம். கம்பியைத் தரைக்குள் ஓட்டாமல் சீலிங்கிலிருந்து இறக்குங்கள். கீழ்த்தளத்துக்குத் தனி எம்சிபி (மின்சாரம் மிஞ்சினால் துண்டிக்கும் சுவிட்ச்), அதன் மேல் 30 மில்லிஆம்ப் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் துண்டிப்பது). இன்வெர்ட்டர் பேட்டரி மாடியில்.

கக்கூஸ் குழாய்க்கு 'நான் ரிட்டர்ன் வால்வு' என்கிறோம் (வெளியே மட்டும் விடும், திரும்ப விடாது), உங்கள் சொல் எதுவானாலும் சரி. அதை எங்கே மாட்டுவது என்பதில்தான் பாதிப் பேர் ஏமாறுகிறார்கள். தெருச் சாக்கடை நிரம்பியதும் வால்வு மூடிக்கொள்ளும். மூடினால் நம் வீட்டுக் கழிவும் வெளியே போகாது. மாடியில் ஒருவர் ஃப்ளஷ் செய்தால் அது தரைத்தளப் பேசினில் பொங்கும். மாடிக் குழாயை வால்வுக்கு அப்பால், தெருப்பக்கம் சேர்க்க வேண்டும். தரைத்தளக் குழாய் மட்டும் வால்வு வழியாகப் போகட்டும். துணியோ முடியோ சிக்கினால் இதழ் பாதி திறந்தே நிற்கும். திறந்து பார்க்க ஒரு சேம்பர் கட்டாயம்.

---

குன்றத்தூரிலிருந்து

சம்ப், அதாவது நிலத்தடித் தண்ணீர்த் தொட்டி, பற்றி ஒரு வரி சேர்க்கிறேன். 10,000 லிட்டர் ஆர்சிசி சம்ப், உள்ளளவு 2.5 × 2 × 2 மீட்டர், எல்லாப் பக்கமும் 15 செ.மீ. கனம். மொத்தக் கான்கிரீட் எடை சுமார் 12 டன். மண் முழுக்க ஊறினால் நீர் அதை எம்பித் தள்ளும் விசை 14.8 டன். காலியாக இருந்தால் சுற்றுமண்ணின் பிடியை நம்பித்தான் கிடக்கும். பாதி நிரப்பினால் 5 டன் கூடுகிறது, அசையாது. மழைக்கு முன் 'சுத்தம் செய்வோம்' என்று சம்பை இறைத்துவிட்டு விடுவது ஆபத்து. மூடியின் கழுத்தை வெள்ளமட்டத்துக்கு மேல் எழுப்புங்கள், இல்லையென்றால் நிரப்பிய தண்ணீரே சாக்கடையாகும்.

பாடநூலில் 'மிதப்பு விசை' இருக்கிறது. தொட்டி விஷயத்தில் 'எம்புவிசை' என்றால் தளத்தில் இருப்பவருக்கு உறைக்கும். "தொட்டி எம்பிடுச்சு" என்றுதானே சொல்கிறார்கள்.

---

வேளச்சேரியிலிருந்து

நீர்மறி, நீர்விடு, வெள்ளக்கண், எம்புவிசை நான்கும் வரைவுக்குள் போய்விட்டன. வாசலில் செருகும் ஃப்ளட் போர்டுக்கு வெள்ளப்பலகை; பழைய மளிகைக்கடையில் எண் போட்டு வரிசையாகச் செருகும் பலகையைப் பார்த்தவர்களுக்கு விளக்கமே வேண்டாம். பக்கவாட்டில் அலுமினியச் சேனல், பலகைக்குப் பலகை ரப்பர், உயரம் 60 செ.மீ.யோடு சரி.

பிளிந்த் இன்னும் இழுக்கிறது. கொத்தனார் அதைத்தான் 'பேஸ்மெண்ட்' என்கிறார். வரைபடத்தில் பேஸ்மெண்ட் என்றால் தரைக்குக் கீழ் உள்ள தளம். வெள்ளக் கைநூலில் 'பேஸ்மெண்ட் உயரம் 4 அடி' என்று எழுதி, ஒருவர் நாலடி தோண்டினால் என்ன ஆவது? கோயில் கட்டடக் கலையில் 'அதிட்டானம்' இருக்கிறது, ஆனால் இரண்டு சென்ட் வீட்டுக்கு அது கொஞ்சம் கனம். தளத்தில் வழங்கும் 'பேஸ்மட்டம்' பாதி தமிழாகிவிட்ட சொல், அதையே வைத்துக்கொள்கிறேன்.

ஒரு எச்சரிக்கையும் சேர்க்க வேண்டும். தேசியக் கட்டட விதித்தொகுப்பு சொல்லும் 45 செ.மீ. குறைந்தபட்சம் இங்கே போதாது என்று மனை முழுவதையும் மண் கொட்டி உயர்த்துகிறார்கள். சென்னைக் கணக்கில் ஒரு மனை 2400 சதுர அடி. மூன்றடி ஏற்றினால் 7200 கன அடி, அதாவது இரண்டு லட்சம் லிட்டர் தண்ணீர் நிற்கும் இடம் போய்விடும். அது அடுத்த வீட்டுக்குத்தான் போகும். அவரும் ஏற்றுவார். தூண் மேல் தூக்கிக் கீழே நீர்விடு தளம் விட்டால் இந்தப் போட்டி இல்லை. ஆனால் வெறும் தூண்களில் நிற்கும் தளம் நிலநடுக்கத்தில் பலவீனம்; 2016 நிலநடுக்க விதித்தொகுப்பில் சென்னை மண்டலம் 3, அதாவது நடுத்தர ஆபத்து. லிஃப்ட் சுவரையோ பக்கவாட்டு அசைவைத் தாங்கும் தனி ஷியர் சுவரையோ அடித்தளம் வரை இறக்க வேண்டும்.

மிச்சம் ஃப்ரீபோர்டு. 'மிகையுயரம்' எப்படி?

---

மயிலாப்பூரிலிருந்து

'மிகை' என்றால் தேவையில்லாதது என்ற நிழல் விழுகிறது. கட்டுபவர் முதலில் குறைப்பது அதைத்தான். செம்பரம்பாக்கத்தில் 24 அடிக்கு 22 அடியிலேயே நிறுத்தி மிச்சத்தை விட்டுவைக்கிறார்களே, அந்த இடைவெளிக்குப் பொறியாளர்கள் என்ன சொல்கிறார்கள்? அதையே எடுக்கலாம்.

இல்லையென்றால் மக்கள் வாயிலிருந்து: "2015 கோட்டுக்கு மேலே ஒன்றரை அடி." சுவரில் படிந்த கறைக்கோடுதான் அளவுகோல். கோட்டுமேல் உயரம் என்று சொன்னால்? 'கோடு' என்பதற்குக் குளக்கரை என்ற பழைய பொருளும் உண்டு, அதுவும் ஒத்துப்போகிறது.

---

குன்றத்தூரிலிருந்து

அந்த 2 அடி ஃப்ரீபோர்டு ஆகாது அம்மா. அது வரப்போகும் நீருக்கு ஒதுக்கிய கொள்ளிடம். தண்ணீர் வந்தால் அதில் நிற்கும். ஃப்ரீபோர்டு என்பது முழு மட்டத்துக்கும் மேலே, கரை உச்சி வரை. அதில் தண்ணீர் நிற்கவே கூடாது. அலைக்கும் நம் கணக்குப் பிழைக்கும் விட்ட இடம்.

'கோட்டுமேல் உயரம்' எனக்குச் சம்மதம், ஒரு நிபந்தனையோடு. எந்தக் கோடு என்று சொல்லாமல் அந்தச் சொல்லைப் பயன்படுத்தக்கூடாது. கோட்டூர்புரத்தில் 2015 கோடு அடையாறு கரைபுரண்ட மட்டம். பள்ளிக்கரணைப் பக்கம் 2023 மிக்ஜாம் புயல் கோடு மழைநீர் வடியாமல் தேங்கிய மட்டம். இரண்டும் வேறு வேறு நோய். தெருவிலிருந்து அளந்து வைத்த கோடும் பயனற்றது; அடுத்த முறை சுரண்டாமல் தார் போட்டால் தெரு அரை அடி ஏறிவிடும், கோடு இறங்கிவிட்டதாகத் தெரியும். பதிவில் இப்படி வரட்டும்: 'கோட்டுமேல் உயரம்: ஆண்டும் காரணமும் குறித்த வெள்ளக்கோட்டுக்கும் வீட்டுத் தரைக்கும் இடையே விடும் உயரம், கோடு கடல்மட்டத்திலிருந்து மீட்டரில் தரப்பட வேண்டும்.'