2006 பரோலோவைத் திறந்தோம்: ருசி ஏறியதா, இறங்கியதா?

பெரம்பூர்_லோகோ:
கப்பலில் வேலை பார்க்கும் என் மச்சான் இத்தாலியிலிருந்து கொண்டுவந்த பரோலோ என்ற சிவப்பு வைனை நேற்று திறந்தோம், 2006 அறுவடையில் செய்தது. மண்டி அடியில் இறங்கட்டும் என்று இரண்டு நாள் முன்பே பாட்டிலை நிமிர்த்தி வைத்தேன். அப்புறம் ரசத்தில் தெளிவை மட்டும் இறுப்பது போல, கலங்காமல் கண்ணாடி ஜாடிக்கு மாற்றினேன். ஓரத்தில் நல்ல செங்கல் நிறம். முதல் கால் மணி நேரம் பெரிதாக வாசனையே இல்லை. பிறகு வாடிய பன்னீர் ரோஜா, புதுசாகப் போட்ட தார் ரோடு, காய்ந்த சருகு, தோல் என்று ஒவ்வொன்றாக வந்தது. துவர்ப்பு இருந்தது, ஆனால் நாக்கைப் பிடித்து இழுக்கவில்லை. வருஷக்கணக்கில் வைத்ததற்குப் பலன் இதுதான்.

காசிமேடு_கரை:
அண்ணே, நானும் அங்கே இருந்தேன். எனக்குப் பழமே தெரியவில்லை. வைன் என்றால் திராட்சை தெரிய வேண்டாமா? விற்கிற வைனில் பெரும்பகுதி ஓரிரு வருஷத்தில் குடிப்பதற்காகவே செய்யப்படுகிறது. பழசு என்றாலே உசத்தி என்று நம்பித்தான் எங்கள் அப்பா ஒரு பாட்டிலைப் பரணில் எட்டு வருஷம் வைத்திருந்தார். தங்கை கல்யாணத்தன்று எடுத்தால் கார்க் வெளியே தள்ளிக்கொண்டு நிற்கிறது, உள்ளே காடி. அன்றைக்கு அப்பா முகம் போன போக்கை என்னால் மறக்க முடியாது.

பெரம்பூர்_லோகோ:
தம்பி, அதைக் கெடுத்தது வயசு இல்லை, வெயில். 12, 13 டிகிரியில், இருட்டில், கார்க் காயாதபடி படுக்க வைக்க வேண்டிய பொருள் அது. நம்ம ஊர்ப் பரண் மே மாதம் எப்படிக் கொதிக்கும்! இந்தப் பாட்டில் இங்கே இருந்தது மூன்றே வாரம், அதுவும் ஃபிரிட்ஜில்.

பரோலோ செய்கிற நெபியோலோ திராட்சை இளசில் கடுக்காய் மாதிரி துவர்க்கும். அதனால் 38 மாதமாவது வைத்துத்தான் விற்க வேண்டும் என்று அங்கே விதியே இருக்கிறது. நாளாக நாளாகத் துவர்ப்பும் நிறமும் ஒன்றோடொன்று சேர்ந்து, கனத்து, மண்டியாக இறங்கிவிடும். பழமும் போய்விடவில்லை, உலர்ந்த அத்திப்பழமாக மாறியிருக்கிறது. புதுப்புளியின் ருசியைப் பழம்புளியில் தேடுவோமா?

வண்ணை_டீச்சர்:
எந்தச் சூட்டில் ஊற்றினீர்கள் என்று இருவருமே சொல்லவில்லையே? அறை வெப்பத்தில் குடி என்பது ஐரோப்பிய அறையை வைத்துச் சொன்னது. 16, 18 டிகிரி. நம் வீட்டு 30 டிகிரியில் ஊற்றினால் ஆல்கஹால் நெடிதான் முதலில் மூக்கில் ஏறும், பழம் அமுங்கிவிடும். பெரம்பூரில் ஆங்கிலோ இந்தியத் தோழி வீட்டில் கிறிஸ்துமஸுக்குப் போடும் திராட்சை வைனைக்கூட நான் சில்லென்றுதான் கேட்பேன். அது புதுசிலேயே அருமை. அதை யாரும் வருஷக்கணக்கில் வைப்பதில்லை.

காசிமேடு_கரை:
டீச்சர், நான் போனபோது மணி ஒன்பது. ஜாடி அதுவரை மேஜையிலேயே இருந்தது, ஏசி இல்லை. நீங்கள் சொல்வது சரியாக இருக்கலாம். ஆனாலும் அண்ணே, வீட்டில் நிலவறை இல்லாத ஊரில் பழசை வாங்கி வைக்கும்படி யாருக்கும் ஆசை காட்டாதீர்கள். எங்கள் வீட்டில் நடந்தது இன்னொரு வீட்டில் நடக்க வேண்டாம்.

பெரம்பூர்_லோகோ:
வாங்கி வைப்பதைப் பொறுத்தவரை நீ சொல்வதை ஒத்துக்கொள்கிறேன். ருசி விஷயத்தில் மாட்டேன். மண்டிக்கு மேலே அரை டம்ளர் மிச்சம் இருக்கிறது, ஃபிரிட்ஜில் மூடி வைத்திருக்கிறேன். இன்றைக்கு ஷிஃப்ட் முடிந்ததும் வா.