வீல்சேரில் இருந்தபடி சிப்பிக் காளான் வளர்ப்பு: குடிலில் என்ன மாற்ற வேண்டும்?

பவானிக்கரை:
தம்பிக்குத் தண்டுவடப் பாதிப்பு. இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லை, கைகள் நல்ல பலம். வீட்டுக்குப் பின்னால் 10-க்கு 15 அடி ஓலைக் கொட்டகை சும்மா கிடக்கிறது. வைக்கோல் வேகவைப்பது, உறி கட்டுவது எல்லாம் உட்கார்ந்தே செய்ய முடியுமா? மானியத்துக்கு எங்கே போவது?

வைக்கோல்போர்:
முடியும்ங்க. ஆனா குடில் அமைப்பு மாறணும். வழக்கமா ஒரு உறியில நாலு படுக்கை (வைக்கோலும் காளான் வித்தும் அடைச்ச பை) தொங்கும், மேல் படுக்கை அவருக்கு எட்டாது. தரையிலிருந்து ஒரு அடி விட்டு, நாலடி உயரத்துக்குள்ள முடியற மாதிரி ரெண்டே படுக்கை கட்டுங்க. நடுவுல 4 அடி பாதை, வாசலுக்கு உள்பக்கம் வண்டி திரும்ப 5 அடிச் சதுரம்.

ஈரப்பதத்துக்காகத் தரை முழுக்க மணல் பரப்பச் சொல்வாங்க. அதுல சக்கரம் புதைஞ்சிடும். படுக்கைக்கு அடியில மட்டும் மணல் போட்டு, பாதைக்குச் சொரசொரப்பா சிமெண்ட் பூசுங்க. சுவரோரம் ஈரச்சாக்கு தொங்கட்டும். வாசல் அரையடி உயரம்னா சாய்தளம் 6 அடி நீளம் வேணும்.

கைத்தாங்கல்:
வேகவைப்பதை அவரிடம் விடாதீர்கள். உணர்வில்லாத காலில் வெந்நீர் தெறித்தால் கொப்புளம் கண்ணில் பட்ட பிறகுதான் தெரியும். சூடான வைக்கோலை மடியில் வைப்பது அதைவிட ஆபத்து.

வேகவைப்பதற்குப் பதில் வைக்கோலைச் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறவைத்தும் கிருமி நீக்கலாம், அதற்கு அடுப்பே வேண்டாம். 100 லிட்டர் தண்ணீருக்கு ஒன்றரை முதல் 2 கிலோ நீர்த்த சுண்ணாம்பு. விரற்கடை அளவு நறுக்கிய வைக்கோலை வலைப்பையில் கட்டி, கல் வைத்து 18 முதல் 24 மணி நேரம் மூழ்கடியுங்கள். 5 கிலோ வைக்கோல் ஊறினால் 15 கிலோ கனக்கும், அதனால் கப்பி போட்டுத் தூக்குங்கள். அலச வேண்டாம். பிழிந்தால் சொட்டக் கூடாது, உள்ளங்கையில் ஈரம் மட்டும் ஒட்ட வேண்டும். ஈரம் மிஞ்சினால் பையின் அடி புளித்து நாறும். பச்சைப் பூசணம் கண்ட பையைக் குடிலுக்குள் பிரிக்கவே கூடாது.

சுண்ணாம்பும் தோலைப் புண்ணாக்கும். கையுறையும் மடிமேல் ரப்பர் விரிப்பும் கட்டாயம். வேலை மும்முரத்திலும் 20 நிமிடத்துக்கு ஒருமுறை கையூன்றி உடம்பைத் தூக்கச் சொல்லுங்கள், ஈரத்துணியோடு உட்கார்ந்தால் அழுத்தப்புண் சீக்கிரம் வரும். காளான் முற்றினால் வித்துத்தூள் பறக்கும், இருமல் வலு குறைந்தவர்களுக்கு அது ஆகாது. ஓரம் சுருளும் முன்பே பறித்துவிட வேண்டும், முகக்கவசமும் தேவை.

கணக்குப்புள்ளி:
மாவட்டத் தொழில் மையத்தில் பிஎம்இஜிபி (வங்கிக் கடனோடு மானியம் தரும் பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டம்) கேளுங்கள். மாற்றுத்திறனாளிகள் சிறப்புப் பிரிவில் வருவார்கள்: திட்டச் செலவில் கிராமத்தில் 35%, நகரத்தில் 25% மானியம், கைமுதல் 5%. யுடிஐடி அட்டை (மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டை) தயாராக இருக்கட்டும். மானியம் கையில் வராது. 3 ஆண்டு வங்கியில் வைப்பாக இருந்து, பிறகு கடனில் கழியும்.

வெறும் சாகுபடிக்கு அந்தத் திட்டத்தில் இடமில்லை. உலர்த்தல், பொடி என்று மதிப்புக்கூட்டலைச் சேர்த்து எழுதுங்கள். முக்கியமாக, ஊரில் சுற்றும் திட்ட அறிக்கையை அப்படியே நகல் எடுக்காதீர்கள். அதில் உறிக்கு நாலு படுக்கை இருக்கும். உங்கள் குடிலில் பாதிதான், தவணையும் அதற்குத் தக்கபடி இருக்க வேண்டும்.

பவானிக்கரை:
நன்றிங்க. பிளாஸ்டிக் பை இல்லாமல் வழி உண்டா?

வைக்கோல்போர்:
மூடி போட்ட 10 லிட்டர் வாளியில சுத்திலும் 10 மி.மீ. துளை போட்டு, வைக்கோலும் காளான் வித்தும் மாத்தி மாத்தி அடுக்குங்க. கழுவித் திரும்பப் பயன்படுத்தலாம், உறியும் வேண்டாம், ஒன்றரை அடி உயரத் தட்டுல வரிசையா வச்சா போதும். 20 லிட்டர் வாளி வேண்டாம், உட்கார்ந்து தூக்க முடியாது. அறுவடை முடிஞ்ச வைக்கோலைச் சாணத்தோட ரெண்டு மூணு வாரம் மக்க விட்டு மண்புழுத் தொட்டியில கொட்டிடுங்க.