ஏமி போலரின் மேடை இம்ப்ரொவ் முழுதாக எங்கே கிடைக்கும்?

அடுத்த வாரம் எங்கள் நாடகக் குழுவில் அமெரிக்க நகைச்சுவை நடிகை ஏமி போலர் பற்றிப் பேச வேண்டும். அவர் மேடையில் இம்ப்ரொவ் (முன்கூட்டி எழுதாமல் அங்கேயே உருவாக்கி நடிப்பது) செய்த ஒரு முழு நிகழ்ச்சிகூட எனக்குச் சிக்கவில்லை.

டிவி பக்கம் பிரச்சினை இல்லை. 2001 முதல் 2008 வரை சாட்டர்டே நைட் லைவ், அப்புறம் 2015 வரை பார்க்ஸ் அண்ட் ரெக்ரியேஷன், வேண்டிய அளவு பார்த்தாயிற்று. போலர் இருந்த அப்ரைட் சிட்டிசன்ஸ் பிரிகேட் என்ற நகைச்சுவைக் குழு, அதே பெயரில் 1998-ல் காமெடி சென்ட்ரலில் தொடங்கிய தொடரும் பார்த்தேன். ஆனால் அது எழுதி எடுத்த ஸ்கெட்ச், அதாவது குட்டி நகைச்சுவைக் காட்சிகள்.

நான் தேடுவது, அதே குழு நியூயார்க்கில் ஞாயிறு இரவுகளில் நடத்திய ஆஸ்கேட் என்ற இம்ப்ரொவ் நிகழ்ச்சி. பார்வையாளர் ஒரு சொல்லை வீசுவார். விருந்தினர் அதைப் பிடித்துத் தன் வாழ்க்கையில் நடந்த கதை ஒன்றைச் சொல்வார். அந்தக் கதையிலிருந்து குழு அங்கேயே காட்சிகளை உருவாக்கும். சிகாகோவில் இம்ப்ரொவ் ஆசிரியர் டெல் க்ளோஸிடம் கற்ற பாடமெல்லாம் இதில்தான் தெரியும்.

யூடியூபில் மூன்று, நான்கு நிமிடத் துண்டுகள்தான். கதையை வெட்டிவிட்டுக் காட்சியை மட்டும் போட்டால் என்ன புரியும்? ஒரு ஸ்ட்ரீமிங் தளத்தில் தேடினேன், நான் இருக்கும் நாட்டில் திறக்கவில்லை. நூலகத்திலும் கேட்டாயிற்று, இல்லை.

போலர் நடித்த ஆஸ்கேட் நிகழ்ச்சி ஒன்றை, விருந்தினர் கதையோடு முழுதாக, முறைப்படி காசு கொடுத்துப் பார்க்க எங்கே முடியும்?